மேகத்துக்குக் கீழே நீட்டிய கால்

ஆர்மெலுக்குக் கால் பெரிது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் என் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருப்பாள். இப்போது நாந்த் நகரத்துக் கல்லறையில் படுத்திருக்கிறாள். கோபம் வந்தாலும் எழுந்து வரப்போவதில்லை.

பெரிது என்றால் பயந்து ஓடுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. திடமான ஒரு படகோட்டிக்கு இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் இருந்தது ஒரு நாட்டியக்காரிக்கு. மேற்குக் கரையில் உப்பளத்தில் பிறந்தவள் அவள். அப்பா, அம்மா, அண்ணன்மார் எல்லோரும் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள். சேற்று வரப்பில் வழுக்காமல் நிற்க அகலமான பாதம் வேண்டும், கடவுள் அந்தக் குடும்பத்துக்குத் தாராளமாகவே கொடுத்திருந்தார். பாரிஸ் நாட்டிய அரங்கில் தரை பெருக்கிக்கொண்டிருந்த அத்தைக்காரி, பெண் சூட்டிகையாக இருக்கிறாளே என்று சின்ன வயதிலேயே கூட்டிவந்து நாட்டியப் பள்ளியில் சேர்த்துவிட்டாள்.

முதல் நாள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மரச்செருப்பைக் கழற்றச் சொன்னார் வாத்தியார். நடந்து வந்தவர் இவள் முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார்.

"இது யாரு ஓட்டிட்டு வந்த படகு? கொண்டுபோய் ஆத்துல கட்டுங்கப்பா!"

அவ்வளவுதான். பள்ளிக்கூடமே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் 'படகு'. அன்றிலிருந்துதான் அவளும் நாற்காலியில் உட்கார்ந்தால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள், பாவாடையைத் தழையவிட்டுக் கட்டுவாள், கட்டிலில் ஏறும்போதுகூடக் காலைப் போர்வைக்குள் விட்டுவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பாள். எனக்குத் தெரியாதா? அவளுக்கு உடுத்திவிட்டு, துவைத்து, தைத்து, திட்டு வாங்கி, திருப்பித் திட்டி வாழ்ந்தவள் நான். என் பெயர் பெர்ரின். சலவைக்காரி மகள். ஊர் முன்னால் அவளை 'அம்மா' என்பேன். கதவைச் சாத்திவிட்டால் 'வாடி, போடி'தான்.

ஆட்டத்தில் அவளைக் குறை சொல்ல ஒருத்தனும் பிறக்கவில்லை. மேலே எழும்பினாளானால் இறங்க மறந்துபோனாளோ என்று இருக்கும். அது எல்லாம் அந்தக் காலின் வலு. நான் சொன்னால் கேட்பாளா? "சும்மா இருடி, அதப் பத்திப் பேசாத" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாரிஸில் பெரிய வேஷமெல்லாம் பெரிய மனிதர் கை வைத்துத் தூக்கிவிட்ட பெண்களுக்குப் போயிற்று. இவளைத் தூக்கிவிட ஆளில்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் எந்த அரண்மனைக்கும் பிரெஞ்சுச் சமையல்காரன் ஒருவனும் பிரெஞ்சு நாட்டியக்காரி ஒருத்தியும் வேண்டும், இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல். அதனால் 'மத்மசெல் ஃப்ளோரிவால்', அதாவது குமாரி ஃப்ளோரிவால், என்று மேடைப்பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினாள். நானும் வண்டியில் ஏறினேன்.

முதலில் டூரின். அங்கேதான் இந்த வினை ஆரம்பித்தது.

ஆட்டம் முடிந்து அவள் அலங்கார அறையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கிழப் பிரபு ஒருவர் பத்துப் பேரோடு திமுதிமுவென்று உள்ளே வந்துவிட்டார். அரைக்கண் மூடி, நெஞ்சில் கை வைத்து, "மத்மசெல், இந்தக் கிழவன் செத்தா கூடவே வச்சுப் புதைக்க, ஒங்க செருப்பு ஒண்ணு குடுக்கணும்" என்றார்.

ஆர்மெல் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு காலும் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. பத்துப் பேரும் அவள் பாவாடை ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என் செருப்பு ஓட்டையாகிவிட்டது என்று, குழந்தை வேஷம் கட்டிய பெண் ஒருத்தி விட்டுப்போன பழைய வெள்ளைப் பட்டுச் செருப்பை நான் போட்டுக்கொண்டிருந்தேன். என் கால் அப்படிச் சின்னது. அதனால் எனக்கு ஒரு லாபமும் இருந்ததில்லை. அப்போது கழற்றி மூலையில் போட்டிருந்ததில் ஒன்றை எடுத்து, தட்டில் வைத்து, "இந்தாங்க பிரபு" என்று நீட்டினேன்.

கிழவர் அதை உதட்டில் ஒற்றினார். கண்ணில் ஒற்றினார். அதைப் போட்டுக்கொண்டுதான் காலையில் மீன் கடைக்குப் போய்வந்திருந்தேன். மோந்து பார்த்துவிட்டு, "ரோஜா!" என்றார் அந்த மகானுபாவர்.

அவர்கள் போனதும் ஆர்மெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே பெர்ரின், அந்த முத்தம் ஒனக்குடி!" என்று சிரித்தவள், சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி அழற?"

"என் காலப் பாத்திருந்தா மோந்திருப்பாரா?"

 அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. ஊர் வாயே எல்லாம் செய்தது. ஃப்ளோரிவாலின் பாதம் உள்ளங்கையில் அடங்குமாம், அவள் நடந்தால் புல் மடங்காதாம். மூனிக்கில் கூப்பிட்டார்கள், அங்கேயும் செருப்புக் கேட்டார்கள். வார்சாவில் அதில் மது ஊற்றிக் குடித்தார்கள், ஒருவர் மீசை அதில் சிக்கிக்கொண்டது. என் அளவில் ஒரு பெட்டி நிறையச் செருப்பு தைத்து வாங்கிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனோம். நான் அவற்றைப் போட்டுக்கொண்டு அறையில் அங்குமிங்கும் நடந்து, கொஞ்சம் பழசாக்கி வைப்பேன். அவளோ ஒவ்வொரு ஊரிலும் "இந்தத் தடவ உண்மையச் சொல்லிடுவோம்டி" என்பாள். யாராவது காலைப் புகழ்ந்ததும் உதடு ஒட்டிக்கொள்ளும். கூட்டம் கை தட்டும்போது அவள் முகம் குப்பென்று சிவக்கும். அடக்கம் என்று ஊர் நினைத்தது. அது வெட்கம். திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவளுக்கு இருக்குமே, அந்த வெட்கம்.

"ஆட்டத்துக்கா கூப்பிடறாங்க? காலுக்குக் கூப்பிடறாங்க. அதுவும் என் கால் இல்ல" என்றாள் ஒருநாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

முப்பது வயது தாண்டியபோது வால்டெனாவ் வந்து சேர்ந்தோம். ஜெர்மன் பக்கத்தில் ஒரு சமஸ்தானம். வண்டியில் கண் அசந்தால் எல்லை தாண்டிவிடும், அவ்வளவு சின்னது. ஆனால் மன்னருக்கு அரங்கும் உண்டு, பீங்கான் பட்டறையும் உண்டு. நாட்டிய ஆசிரியராக ஓப்ரியோ ஐயா இருந்தார், நம் பாரிஸ்காரர், தங்கமான மனுஷன். "இங்கேயே நிரந்தரமா வச்சுக்குவாங்கம்மா. வயசான பொறகும் சாப்பாடு, வீடு எல்லாம் உண்டு. மன்னர் மனசு கோணாம பாத்துக்கோங்க, அது போதும்" என்றார். ஆர்மெலுக்கு அதுதான் கனவு. இன்னும் எத்தனை வருஷம் அப்படி எழும்பமுடியும்? முழங்கால் பேச ஆரம்பித்திருந்தது.

அந்த மன்னருக்கு ஒரு வழக்கம். அவர் பரிசாக எதைக் கொடுத்தாலும், அவர் கண் முன்னால், அங்கேயே, அப்போதே அணிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவமதிப்பு. கோடையில் ரோமத் தொப்பி பரிசு வாங்கின கிழ மந்திரி ஒருவர், வேர்த்து விறுவிறுத்து, விருந்து முடிகிறவரை அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சிரித்தேன் வேறு. எதற்குச் சிரித்தேனோ!

வந்த வாரமே மன்னர் செருப்புக் கேட்டார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டோம். கொடுத்த செருப்பு எந்த ஊரிலும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் செய்த தப்பு. மன்னர் அதைப் பட்டறைக்கு அனுப்பிப் பீங்கானில் அச்சு எடுத்துவிட்டார். அரண்மனைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக என் கால். அதில் அரைத்த கடுகு வைத்துச் சாப்பிட்டார்கள்.

மன்னருக்குப் பெயர் கொடுத்த புனிதரின் திருநாள் விழாவுக்கு முந்தின நாள் காலை ஒத்திகையில் ஓப்ரியோ ஐயா ஓடிவந்தார். வாயெல்லாம் பல்.

"அம்மா! யாருக்கும் கிடைக்காத பாக்கியம்! அந்தப் பீங்கான் அளவுக்கே வெள்ளிச் சரிகையில செருப்பு தைக்கச் சொல்லியிருக்காராம். நாளைக்கு மேடையில, நீங்க தேவதையா மேகத்துல உக்காந்திருக்கும்போது, மன்னரே ஏறி வந்து, தன் கையாலயே மாட்டிவிடப் போறாராம்!"

ஆர்மெல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐயாவிடம் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. மனுஷன் தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றினார்.

"காய்ச்சல்னு சொல்லிடலாம்" என்றேன்.

"படுக்கைக்கே வந்து மாட்டுவாரு. போன வருஷம் ஒருத்தருக்கு அப்படித்தான் கையுறை மாட்டினாரு."

"ஓடிப்போயிடலாம்."

"எல்லைச் சாவடில மன்னர் முத்திரை இல்லாம விடமாட்டாங்க."

ஆர்மெல் என்னைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். அரங்கத்துக்காரர்கள் மூன்று பேர் ஒரு மேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் புத்தி எங்கே போகும்? அங்கேதான் போயிற்று. மேகம் என்பது மரச்சட்டத்தில் துணி இழுத்து வண்ணம் அடித்தது. உள்ளே ஆள் படுக்க இடம் உண்டு. அவள் மேலே உட்கார்ந்து, தன் காலை மடக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். அவள் பாவாடைக்கு அடியில் நான் மல்லாந்து படுத்து என் காலை வெளியே நீட்டவேண்டும். மன்னர் மாட்டிவிட்டதும் மேகத்தை இழுத்து உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். மறுநாளே அவளுக்குக் கால் பிசகிவிட்டதாகச் சொல்லி, அந்தச் செருப்போடு ஆடாமல் தப்பித்துவிடலாம். இவ்வளவுதான் திட்டம்.

"வெக்கக்கேடு" என்றாள் ஆர்மெல்.

"வேற வழி இருந்தா சொல்லு."



மறுநாள் அந்த மேகத்துக்குள் தூசியிலும் கோந்து நாற்றத்திலும் படுத்திருந்தேன். அவளுடைய வெள்ளைப் பட்டுக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தேன், இடுப்பில் நான் வேலைக்குக் கட்டுகிற பழைய முன்துணி அப்படியே இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். வாத்தியம் நின்றது. படியேறி வரும் காலடி கேட்டது. பெரிய மனிதர்கள் எல்லாம் எழுந்து நிற்கிற சரசரப்பும் கேட்டது. ஒரு நாட்டை ஆள்கிறவர் முழங்கால் போட்டு, என் காலைக் கையில் எடுத்தார். எனக்குக் கூச்சம் வேறு, விரல் துடித்துவிட்டது.

"பாருங்க, புறாக்குஞ்சு மாதிரி நடுங்குது" என்றார் மன்னர். சபை ஆஹா என்றது.

செருப்பு வழுக்கிக்கொண்டு ஏறியது. மற்றதும் ஏறியது. இவ்வளவு பொருத்தமாக ஒரு செருப்பை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை. கைதட்டல் இடிபோல் விழுந்தது. அப்பாடா, இனி மேகம் நகரும் என்று காத்திருந்தேன்.

நகரவில்லை. மன்னர் எழுந்து கையை நீட்டி, "வாங்க மத்மசெல், இதோட ஒரு சுத்து ஆடிக் காட்டுங்க" என்று சொன்னதை, உள்ளே இருந்த நான் கைதட்டலில் கேட்கவில்லை. மன்னர் நீட்டிய கையை மறுக்க யாரால் முடியும்? அவள் எழுந்துவிட்டாள்.

திடீரென்று கணுக்காலில் குளிர்ந்த காற்று பட்டது. கைதட்டல் நின்றுபோயிருந்தது. எங்கேயோ ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள். காலியான மேகத்துக்குக் கீழே என் இரண்டு காலும் வெள்ளிச் செருப்போடு வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

"இது யாரோட கால்?" என்றார் மன்னர்.

காலைப் பிடித்தே வெளியே இழுத்தார்கள். பாவாடை முழங்காலுக்கு மேலே சுருண்டு போக, தலையெல்லாம் பஞ்சும் தூசியும், அழுக்கு முன்துணியுமாக, விளக்கு வெளிச்சத்தில் அத்தனை கண்ணுக்கும் நடுவில் போய் விழுந்தேன். சபை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான் நாலு பேரைத் திட்டத் தெரிந்தவள். அன்றைக்குப் பாவாடையை இழுத்து முழங்காலை மூடத்தான் கை போயிற்று.

மன்னர் சிரிக்கவில்லை. ஏமாந்தவர் சிரிப்பாரா? மெல்லிய குரலில், "பரிசு இவளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கு. நம்ம வழக்கம் மாறக்கூடாது. செருப்புப் போட்டவ ஆடட்டும்" என்றார். வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

வாத்தியம் ஆரம்பித்தது. ஆடு என்கிறார்கள். எனக்கு என்ன ஆடத் தெரியும்? காலைத் தூக்கினேன். தடுமாறினேன். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். திரும்பத் தூக்கினேன். கண்ணீர் மூக்கில் வழிகிறது, துடைக்கவும் பயம். செத்துப்போயிருக்கலாம் என்று இருந்தது.

அப்போது ஆர்மெலைப் பார்த்தேன். அவள் ஓரமாக நின்றிருந்தாள். ஒருவர் கண்ணும் அவள் மேல் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஓப்ரியோ ஐயா, வந்துவிடு வந்துவிடு என்று கையாட்டிக்கொண்டிருந்தார். பின்வாசலில் வண்டி இருக்கும். பாவாடை தரையில் புரண்டது. அவள் கால் எப்படி இருக்கும் என்று அப்போதுகூட யாருக்கும் தெரியாது. அவள் ஐயாவைப் பார்த்தாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தாலும் நான் கோபித்திருக்கமாட்டேன்.

அவள் மேடை நடுவில் வந்து தரையில் உட்கார்ந்தாள். செருப்பின் நாடாவை அவிழ்த்தாள். காலுறையை உருவினாள். எழுந்து, பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"மகாராஜா, சிரிக்கணும்னா இதப் பாத்துச் சிரிங்க." ஒரு பாதத்தை முன்னால் எடுத்து வைத்தாள். "இதுதான் என் கால். உப்பளத்துக் கால். அவ எனக்குத் துவைக்கிறவ, தைக்கிறவ. நாலு பேர் பாத்துச் சிரிக்கட்டும்னு அவள யாரும் வேலைக்கு வைக்கல. அதுக்கு வந்தவ நான்."

சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன? "அம்மாடி, எவ்வளவு பெருசு!" என்று முன்வரிசைச் சீமாட்டி வாய்விட்டே சொன்னாள். கழுத்திலிருந்து நெற்றிவரை ரத்தச் சிவப்பாக நின்றாள் ஆர்மெல். பிறகு ஆடினாள், வெறுங்காலோடு. பலகையில் தப்பு தப்பென்று சத்தம் கேட்டது. எப்போதும்போலத்தான் எழும்பினாள், இறங்க மறந்துபோனவள் மாதிரி. அவர்கள் பார்த்ததெல்லாம் காலை. ஆட்டத்தை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

முடித்து வணங்கினாள். மன்னர் கை தட்டவில்லை, அதனால் ஒருவரும் தட்டவில்லை.

மறுநாள் காலை எங்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கழற்றச் சொல்லி யாரும் சொல்லாததால் வெள்ளிச் செருப்போடேதான் நான் ஏறினேன். எல்லைச் சாவடியில் காவல்காரன் மனைவியிடம் அதைக் கழற்றிக் கொடுத்தேன். வழியெல்லாம் அழுதேன். "என்னாலதான்டி எல்லாம் போச்சு. அந்தக் கிழவருக்கு அன்னைக்கு நான் செருப்ப நீட்டாம இருந்திருக்கணும்" என்றேன். அவள் தன் சால்வையை எடுத்து என் வெறுங்காலில் போர்த்தினாள். "ஆனா ஒனக்குப் பொருத்தமாத்தான்டி இருந்துச்சு" என்றாள்.

எங்கள் வண்டியைவிட வேகமாகக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. எந்த அரண்மனையும் பிறகு கூப்பிடவில்லை. நாந்தில் இரண்டு அறை எடுத்து, வியாபாரிகளின் பெண்களுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்தாள். நான் இஸ்திரி போட்டேன். கோதுமைக் கூழும் மத்தி மீனுமாகக் காலம் ஓடியது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் காட்டிவிட்டாளே, வெட்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். எங்கே போயிற்று! எனக்காக ஒருநாள் அதை விழுங்கினாள், அவ்வளவுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் கால் நாற்காலிக்கு அடியில் போய்விடும். கடைத்தெருவில் யாராவது குனிந்து எதையாவது எடுத்தால்கூடப் பாவாடையை இழுத்துவிட்டுக்கொள்வாள். எனக்கும் அந்த வெட்கம் போகவில்லை. இன்றைக்கும் யாராவது பின்னால் சிரித்தால் கணுக்கால் குளிர்கிறது.

மாரிக்காலத்தில் ஒருநாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல் முற்றியது, பாதிரியாரைக் கூப்பிட்டேன். சின்னப் பையன் முகம், புதிதாக வந்தவர். சாகிறவர்களுக்குப் பூசுகிற கடைசி எண்ணெயைப் பூசவேண்டும். கண்ணில் பூசினார், காதில், மூக்கில், உதட்டில், உள்ளங்கையில். பிறகு என்னைப் பார்த்து, "பாதம்" என்றார்.

ஆர்மெல் கண் மூடித்தான் கிடந்தாள். போர்வைக்குள் இரண்டு காலும் மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டன. அத்தனை பலவீனத்திலும்!

"அம்மா, காலை நீட்டணும்" என்றார் பாதிரியார்.

அவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"பெர்ரின்... ஒன் காலக் கொஞ்சம் நீட்டேன்டி."

ஜன்னியில் பிதற்றுகிறாள் என்று பாதிரியார் நினைத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். சாகிறவள் பக்கத்தில், பாதிரியார் முன்னால், சத்தமாக! வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் உதடும் ஓரத்தில் அசைந்தது. பிறகு அவளே மெதுவாகக் காலை நீட்டினாள். நான் போர்வையை விலக்கினேன். அகலமான பாதம், காய்ப்பேறிய கட்டைவிரல், பழைய வெட்டுத் தழும்பு. பாதிரியார் முகம் மாறாமல், எண்ணெய் தொட்டு இரண்டிலும் வைத்துவிட்டு ஜெபம் சொல்லத் திரும்பினார்.

டூரின் கிழவர் தப்பான காலுக்குக் கொடுத்துவிட்டுப் போன முத்தம் இத்தனை வருஷமாக என்னிடமே கிடந்தது. குனிந்து அதை அவள் பாதத்தில் வைத்தேன். எண்ணெய் உதட்டில் ஒட்டியது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.